எண்ணெய்க்கு அடியில் நிற்கும் தண்ணீர்

கச்சா எண்ணெய், டீசல், விமான எரிபொருள் என எதைச் சேமித்து வைத்தாலும் அந்தத் தொட்டியின் அடியில் நாளடைவில் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அது கீழே இறங்கி அடித்தகட்டின்மேல் தேங்குகிறது. அதை அவ்வப்போது வெளியேற்றுவது சுத்திகரிப்பு ஆலைகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் வழக்கமான வேலை. பார்வைக்கு இது ஒரு வால்வைத் திறந்து மூடும் காரியம்தான். திறப்பதில் சிரமம் ஏதும் இல்லை. எப்போது மூடுவது என்பதுதான் கேள்வி. முந்தி மூடினால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்; பிந்தினால் எண்ணெய் சாக்கடையில் ஓடும். கண்ணுக்குத் தெரியாமல், இரும்புச் சுவருக்கு உள்ளே, எண்ணெய் முடிந்து தண்ணீர் தொடங்கும் எல்லை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அறிந்து, ஆள் இல்லாமலே வால்வைத் திறந்து மூடும் கருவிகள் இந்தக் கேள்விக்குப் பதிலாக உருவானவை.

தண்ணீரின் அளவைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. வாங்கி விற்கப்படும் கச்சா எண்ணெயில் அரை விழுக்காடு நீரும் கசடும் இருப்பது வணிகத்தில் சாதாரணமாக ஏற்கப்படுவதுதான். ஆனால் 50,000 கிலோ லிட்டர் எண்ணெயில் அரை விழுக்காடு என்பது 250 கிலோ லிட்டர், அதாவது 20-க்கும் மேற்பட்ட தண்ணீர் லாரிகள் கொள்ளும் அளவு. பெரிய ஆலைகளில் 60 மீட்டர் விட்டமுள்ள தொட்டிகள் சாதாரணம். அப்படியொரு தொட்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர மீட்டர். மேற்சொன்ன தண்ணீர் முழுவதும் பிரிந்து இறங்கினாலும் அதன் உயரம் 9 சென்டிமீட்டரைத் தாண்டாது. திருப்பிப் பார்த்தால், மட்டத்தை அளப்பதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 28,000 லிட்டர் கணக்கில் பிசகுகிறது. பரப்பு பெரிது, ஆழம் குறைவு என்ற இந்த அமைப்புதான் வேலையைக் கடினமாக்குகிறது.

தண்ணீர் பல வழிகளில் வருகிறது. கச்சா எண்ணெய் பூமிக்கடியிலிருந்து வரும்போதே உப்புநீரோடுதான் வருகிறது. எண்ணெய் வயலிலேயே பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டாலும் நுண்துளிகளாக மீதி தங்கிவிடும். மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வருவதுபோல் எண்ணெய் கப்பலில் வந்தால், கப்பல் தொட்டிகளைக் கழுவியதில் மிஞ்சிய கடல்நீரும் கூடவே சேரலாம். பிறகு மழை. கச்சா எண்ணெய், பெட்ரோல் போன்றவற்றின் பெரிய தொட்டிகளுக்கு மிதக்கும் கூரை உண்டு. எண்ணெயின் மேலேயே கூரை மிதந்து, மட்டத்தோடு ஏறி இறங்கும். ஆவி சேர இடம் தராமல் இருக்க இந்த ஏற்பாடு. 60 மீட்டர் கூரைமேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 280 கிலோ லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கரையில் அப்படிப்பட்ட நாள்கள் அரிதல்ல. அதில் பெரும்பகுதி கூரையின் தனி வடிகுழாய் வழியாக வெளியே போய்விடும். ஆனால் கூரைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே உள்ள விளிம்பு அடைப்பு தேய்ந்திருந்தால், சுவரை ஒட்டி வழியும் நீர் உள்ளே இறங்கும்.

நிலையான கூரையுள்ள தொட்டிகளும் தப்புவதில்லை. பகலில் சூடேறி ஆவி வெளியேறுகிறது, இரவில் குளிர்ந்து வெளிக்காற்று உள்ளே வருகிறது; அந்தக் காற்றின் ஈரம் சுவரில் பனித்து வடிகிறது. எண்ணெயே கொஞ்சம் நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளவும் செய்கிறது. சூடாக இருக்கையில் கூடுதலாகவும் குளிர்ந்தால் குறைவாகவும் அது கரைக்கும். விமான எரிபொருளைப் பொறுத்தவரை, வெப்பநிலை ஒரு ஃபாரன்ஹீட் குறைந்தால் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு நீர் கரைசலிலிருந்து வெளிவரும் என்பது நடைமுறைக் கணக்கு. 5,000 கிலோ லிட்டர் எரிபொருள் 10 செல்சியஸ் குளிர்ந்தால் 90 லிட்டர் தண்ணீர் எங்கிருந்தோ முளைத்ததுபோல் அடியில் நிற்கும். எங்கும் ஒழுக்கே இல்லாத தொட்டியிலும் தண்ணீர் தென்படுவது இதனால்தான்.

துளி கீழே இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் விதியை அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்டார். அவர் எண்ணெயைப் பற்றி எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஊசல்களின் ஆட்டத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இரு திரவங்களின் அடர்த்தி வேறுபாடு கூடினால் துளி விரைவாக இறங்கும். எண்ணெயின் பாகுத்தன்மை கூடினால் மெதுவாகும். எல்லாவற்றையும்விட முக்கியம் துளியின் அளவு. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். டீசலில் 100 மைக்ரோன் விட்டமுள்ள நீர்த்துளி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துளி, 10 மீட்டர் உயரம் இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். 10 மைக்ரோன் துளிக்கு அதே தூரம் ஒரு மாதப் பயணம். பாகுத்தன்மை மிகுந்த கச்சா எண்ணெயில் பெரிய துளியே மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பியவுடன் தண்ணீரை வடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போக முடியாததற்குக் காரணம் இதுவே. இன்று வடித்த தொட்டியில் நாளை மறுபடியும் தண்ணீர் நிற்கும்.

கச்சா எண்ணெயில் இன்னொரு தொல்லையும் உண்டு. அஸ்ஃபால்டீன், மெழுகு, இரும்பு சல்பைடு போன்றவை நீர்த்துளிகளைச் சுற்றிப் படலமாகப் படிந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர விடாமல் தடுக்கின்றன. எண்ணெயும் நீரும் பிரியாமல் பால்மமாகவே நின்றுவிடும். பாடப்புத்தகப் படத்தில் கோடு போட்டதுபோல் காட்டப்படும் எல்லை, உண்மைத் தொட்டியில் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலும் தடித்த கலங்கல் அடுக்காக இருக்கக்கூடும். மேலே எண்ணெய், கீழே நீர், நடுவில் இரண்டும் இல்லாத ஒன்று. தானியங்கிக் கருவிகளில் எது தேறுகிறது, எது தோற்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த நடு அடுக்குதான்.

தண்ணீரை அப்படியே விட்டுவைத்தால் முதலில் பழுதாவது தொட்டிதான். அடித்தகட்டின் தடிமன் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அளவே. உப்புநீர் அதன்மேல் நிற்கும்போது அரிப்பு பரவலாக நடப்பதில்லை. ஆங்காங்கே குழி விழுந்து துளைத்துக்கொண்டு போகிறது. சல்பேட்டை உண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும் பாக்டீரியாக்கள் இதைத் துரிதப்படுத்துகின்றன. காற்று இல்லாத இடம், நீர், கந்தகம் ஆகிய மூன்றும் தொட்டியின் அடியில் அவற்றுக்குக் கிடைத்துவிடுகின்றன. டீசலிலும் விமான எரிபொருளிலும் பூஞ்சை வளர்கிறது. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் வாங்கிய ஹார்மோகோனிஸ் ரெசினே எண்ணெயைத் தின்று நீரில் வாழ்கிறது. அதற்கு வேண்டியது இரண்டும் சந்திக்கும் எல்லை. அதன் கருமையான கொழகொழப்பான படலம் வடிகட்டிகளை அடைத்துவிடும்.

கச்சா எண்ணெயோடு போகும் நீர் ஆலைக்குள் வேறு விதமாகத் தொல்லை தரும். அதில் கரைந்துள்ள மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் சூட்டில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சியை அரிக்கின்றன. இதைத் தடுக்க உப்புநீக்கி என்ற தனிக் கலம் உண்டு. ஆனால் தொட்டியின் அடிநீர் மொத்தமாக இழுபட்டு வந்தால் அது திணறிப்போகும். நீர் ஆவியானால் அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்காகப் பெருகும். சூடான கோபுரத்துக்குள் ஒரு குடம் தண்ணீர் திரண்டு நுழைந்தாலே உள்ளிருக்கும் தட்டுகள் பெயர்ந்துவிடக் கூடும்.

விமான எரிபொருளில் கணக்கு இன்னும் நுட்பமானது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 விமானத்தின் இரு என்ஜின்களும் தரையிறங்கும் நேரத்தில் விசை குறைந்தன. விமானம் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதியது. 152 பேரும் உயிர் பிழைத்தனர். எரிபொருளில் இயல்பாகவே இருந்த சிறிதளவு நீர், நீண்ட குளிர்ப் பயணத்தில் குழாய்ச் சுவரில் பனிக்கட்டியாகப் படிந்து, பின்பு ஒரேயடியாகப் பெயர்ந்து வந்து வெப்பமாற்றியின் வாயை அடைத்தது என்று விசாரணை முடிவு சொன்னது. அந்த எரிபொருள் தரவிதிகளுக்கு உட்பட்டதுதான். தொட்டியைச் சரியாக வடிக்காததால் நேர்ந்த விபத்து அல்ல அது. அனுமதிக்கப்பட்ட நீரே இவ்வளவு செய்யுமென்றால், அதற்கு மேல் போகும் நீரை எந்த விமான நிலையமும் பொறுத்துக்கொள்ளாது. ஆகையால் விமான எரிபொருள் தொட்டிகளின் அடி, நடுவில் தாழ்ந்த கூம்பாகக் கட்டப்படுகிறது. நீர் அங்கே திரளும். எரிபொருளோ மேல்மட்டத்தில் மிதக்கும் குழாய் வழியாக எடுக்கப்படுகிறது.

தீ பிடித்த தொட்டியில் அடிநீர் மிகக் கொடியது. கச்சா எண்ணெய் போன்றவை எரியும்போது, கனமான சூடான பகுதி மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது அடியில் நிற்கும் நீரைத் தொட்டவுடன் நீர் வெடித்தாற்போல் ஆவியாகி, மேலிருக்கும் எரியும் எண்ணெய் முழுவதையும் தூக்கி எறியும். 1982 டிசம்பர் 19 அன்று வெனிசுவேலாவில் கராகஸ் அருகே டகோவா மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டியில் இது நடந்தது. தீ பற்றிப் பல மணி நேரம் கழித்து, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்த வேளையில் எண்ணெய் பொங்கி மலைச்சரிவில் பாய்ந்தது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவ்வளவு காரணம் இருந்தும் நெடுங்காலம் தண்ணீரை வடித்தது மனிதக் கையும் கண்ணும்தான். அளவுநாடாவின் நுனியில் உள்ள பித்தளைக் குண்டில் நீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, மேலிருந்து அடிவரை இறக்கி எடுத்து, நிறம் மாறிய உயரத்தைப் பார்ப்பார்கள். பிறகு கீழே வந்து வடிகால் வால்வைத் திறந்து, ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நீரின் நிறம் மாறி எண்ணெய் தெரிந்ததும் மூட வேண்டும். சொல்ல எளிது. 300 கிலோ லிட்டர் நீரை மணிக்கு 20 கிலோ லிட்டர் வீதம் வடித்தால் 15 மணி நேரம் ஆகும். ஒரு ஷிப்டு முழுக்க ஒரு குழாயருகே ஒருவர் நிற்பது காகிதத்தில் மட்டுமே நடக்கும். பல தொட்டிகளுக்குப் பொறுப்பான ஊழியர் வால்வைச் சிறிதாகத் திறந்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார். திரும்பி வருவதற்குள் எண்ணெய் ஓடியிருக்கும். குறை சொல்ல வேண்டியது ஆளை அல்ல, வேலை வகுக்கப்பட்ட விதத்தை. 12 மீட்டர் உயரம் எண்ணெய் நிற்கும் தொட்டியில் 10 சென்டிமீட்டர் வால்வு முழுதும் திறந்திருந்தால், கணக்குப்படி நிமிடத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல் வெளியேற முடியும்.

பொறுப்பானவர் பயந்து முன்கூட்டியே மூடினால் எண்ணெய் மிஞ்சும், நீரும் மிஞ்சும். எண்ணெய் இழப்பு கணக்கில் தெரியும், தங்கிய நீர் உடனே தெரியாது. ஆகவே எச்சரிக்கை எப்போதும் நீரை உள்ளே விடும் பக்கமே சாய்கிறது.

உடல்நலக் கேடும் சேர்ந்திருக்கிறது. கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெயின் அடிநீரில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கும். வால்வு திறந்ததும் அது காற்றில் கலக்கும். அதிக அளவில் அது மணம் அறியும் உணர்வையே முதலில் மழுங்கடித்துவிடும் என்பதால் மூக்கை நம்ப முடியாது. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் நீரில் ஓரளவு கரையும். அமெரிக்காவில் 1990-இல் ஆலைக் கழிவுநீரின் பென்சீனைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தபோது, தொட்டிகளின் அடிநீர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கிய ஊற்றுகளில் ஒன்றாகிவிட்டது. திறந்த சாக்கடையில் எண்ணெய் சற்று ஓடினால் போகட்டும் என்று விடும் வழக்கத்துக்கு அங்கே சட்டமே முடிவு கட்டியது.

கையால் வடிப்பதில் என்ன நேரலாம் என்பதற்குத் தொழில்துறை இன்றும் பாடமாகச் சொல்வது பிரான்சில் லியோன் நகருக்கு அருகே ஃபெய்சான் ஆலையில் நடந்ததை. அங்கே இருந்தது சாதாரண எண்ணெய்த் தொட்டி அல்ல. அழுத்தத்தில் திரவமாக்கிய புரோப்பேன் நிரப்பிய கோளத் தொட்டி. 1966 ஜனவரி 4 அதிகாலையில் அதன் அடியில் தேங்கிய நீரை வடிக்கும் வேலை நடந்தது. அடிக்குழாயில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள். மேல் வால்வை முழுதாகத் திறந்து, கீழ் வால்வால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதே முறை. அன்று அது தலைகீழாக நடந்தது. நீர் வடிந்து முடியும் தறுவாயில் மேல் வால்வை மூடி மறுபடி சிறிது திறந்தபோது ஓட்டம் வரவில்லை. அழுத்தம் குறையும் இடத்தில் புரோப்பேன் ஆவியாகிக் கடுங்குளிரை உண்டாக்கும். நீரும் புரோப்பேனும் சேர்ந்து பனிபோல் உறைந்து குழாயை அடைத்திருந்தன. வால்வை முழுதாகத் திறந்ததும் அடைப்பு விலகி, புரோப்பேன் பீறிட்டது. கைப்பிடி கழன்றுவிட்டது, மூடவும் முடியவில்லை. ஆவிமேகம் தாழ்வாகப் பரவி அருகிலிருந்த நெடுஞ்சாலைக்குப் போய், ஒரு காரால் தீப்பற்றியது. தீயில் சிக்கிய கோளம் ஒன்றரை மணி நேரம் கழித்து வெடித்தது. 18 பேர் இறந்தனர்; அவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள். பின்னாளில் வந்த வடிவமைப்புகளில் வடிகால் குழாயின் அளவு சுருக்கப்பட்டது, இரு வால்வுகளுக்கிடையே இடைவெளி கட்டாயமாயிற்று, தொலைவிலிருந்து மூடும் அவசர வால்வும் சேர்ந்தது. தொட்டியிலிருந்து நேராக வெளியே விடாமல், நீரை முதலில் ஒரு சிறு இடைக்கலத்தில் இறக்கி, தொட்டியோடு உள்ள இணைப்பை மூடிய பிறகே அந்தக் கலத்தைக் காலி செய்யும் முறையும் இத்தகைய வாயுக்களுக்கு ஏற்றது.

தானாக வடிக்கும் கருவிகளில் மிக எளியது மிதவை. அதன் எடையை, எண்ணெயில் மூழ்கும்படியும் தண்ணீரில் மிதக்கும்படியும் அமைக்கிறார்கள். நீர் இருக்கும்வரை மிதவை மேலே நின்று வால்வைத் திறந்து வைத்திருக்கும். எண்ணெய் வந்ததும் மூழ்கி மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். அழகான ஏற்பாடுதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் விசை மிகச் சிறிது. ஒரு லிட்டர் கன அளவுள்ள மிதவைக்குப் பெட்ரோலிலும் நீரிலும் கிடைக்கும் மிதப்பு விசை வேறுபாடு சுமார் 260 கிராம். லிட்டருக்கு 970 கிராம் எடையுள்ள கனத்த எரியெண்ணெயில் அது 30 கிராமாகச் சுருங்கிவிடும். பெரிய வால்வை அது நேராக அசைக்காது; சிறிய துணை வால்வை இயக்கி, அதன் வழியே தொட்டியின் அழுத்தத்தைக் கொண்டோ காற்றழுத்தத்தைக் கொண்டோ பெரிய வால்வை நகர்த்த வேண்டும். தெளிந்த பெட்ரோலிலும் டீசலிலும் மிதவை நன்றாக உழைக்கும். கச்சா எண்ணெயின் கலங்கல் அடுக்கில் அது எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். மெழுகும் சேறும் படிந்தால் எடையே மாறிவிடும்.

அடுத்த தலைமுறைக் கருவிகள் எடையை விட்டு மின்பண்பைப் பிடித்தன. மின்புலத்துக்கு உட்படும் தன்மையைக் குறிக்கும் ஒப்புமை விடுதிறன் தண்ணீருக்கு ஏறத்தாழ 80. எண்ணெய்களுக்கு 2 முதல் 2.5 வரை. அடர்த்தியில் நூற்றுக்குப் பத்து இருபது என்ற அளவிலேயே வேறுபடும் இரு திரவங்கள் இங்கே முப்பது நாற்பது மடங்கு வேறுபடுகின்றன. ஒரு மின்வாயைத் தொட்டிக்குள் செருகி, அதற்கும் சுவருக்கும் இடையிலான மின்தேக்குத்திறனை அளந்தால் சுற்றியிருப்பது நீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். இன்னும் எளிய வகை, இரு மின்வாய்களுக்கிடையே மின்னோட்டம் பாய்கிறதா என்று மட்டும் பார்ப்பது. உப்புநீர் கடத்தும், எண்ணெய் கடத்தாது. டீசல் லாரிகளில் எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்ததும் ஓட்டுநர் முன்னால் எரியும் எச்சரிக்கை விளக்குக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த முறையே.

கலங்கல் அடுக்கு இங்கும் வந்து குறுக்கிடுகிறது. எண்ணெயில் நீர்த்துளிகள் மிதக்கும் பால்மத்தில் ஒவ்வொரு துளியையும் எண்ணெய் சூழ்ந்திருப்பதால், பாதி நீராக இருந்தாலும் மின்னோட்டம் பாயாது. கருவி எண்ணெய் என்றே சொல்லும். நீரில் எண்ணெய்த்துளிகள் மிதந்தால் நிலைமை நேர்மாறு. எண்ணெய் எவ்வளவு கலந்திருந்தாலும் நீர் என்றே சொல்லும். இந்தக் குறையைத் தாண்ட வந்தவை வானொலி அலைவரிசையிலும் மைக்ரோ அலைவரிசையிலும் இயங்கும் கருவிகள். நீர் அந்த ஆற்றலை உறிஞ்சும், எண்ணெய் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே உறிஞ்சப்பட்ட அளவிலிருந்து கலவையில் நீரின் விழுக்காட்டையே அறியலாம். நீரா எண்ணெயா என்ற கேள்வி, எவ்வளவு நீர் என்ற கேள்வியாக மாறியதுதான் இத்துறையில் நடந்த பெரிய முன்னேற்றம். 80 விழுக்காடு நீர் உள்ளவரை வடி, அதற்குக் கீழே போனால் மூடு என்று ஆலையே ஒரு வரம்பை வைத்துக்கொள்ள முடிகிறது. வடிகால் குழாயில் பாயும் திரவத்தின் அடர்த்தியை அளப்பது, ரேடார் அலையை ஒரு கம்பிவழி இறக்கி எல்லையிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பார்ப்பது போன்ற முறைகளும் உண்டு. எல்லை கூர்மையாக இருக்கும் தெளிந்த எண்ணெய்களில் அவை போதும்.

பொதுவான அமைப்பில் இரண்டு உணரிகள் இருக்கும். ஒன்று தொட்டிச் சுவரில், அடியிலிருந்து ஓரளவு உயரத்தில். நீர்மட்டம் அதைத் தொட்டால் வடிக்கத் தொடங்கலாம் என்று பொருள். மற்றொன்று அதைவிடத் தாழ்வாகவோ வடிகால் குழாயிலேயோ இருக்கும்; அங்கே எண்ணெய் தெரிந்ததும் வால்வு மூடும். இரண்டுக்கும் இடையே உயர வேறுபாடு வேண்டும். ஒரே உணரியை வைத்தால், எல்லை சற்று அலம்பினாலும் வால்வு திறந்து மூடித் திறந்து மூடிப் பழுதாகிவிடும். எண்ணெய் வந்து இறங்கும்போதும் கலக்கிகள் ஓடும்போதும் வடிப்பதைத் தடுக்கும் பூட்டும் சேர்க்கப்படுகிறது. கலங்கிய தொட்டியில் எந்த உணரியின் பேச்சையும் நம்ப முடியாது.

வடிக்கும் வேகம் தனிக் கவனம் பெற வேண்டியது. நீரின் ஆழம் குறையக் குறைய, வடிகால் வாய்க்கு நேர்மேலே எண்ணெய் புனல்போல் குழிந்து கீழே இழுபடும். அடியில் இன்னும் நூற்றுக்கணக்கான கிலோ லிட்டர் நீர் இருக்கையிலேயே குழாயில் எண்ணெய் வரத் தொடங்கும். கையால் வடிப்பவர் நீர் தீர்ந்தது என்று மூடிவிடுவார். கருவியும் அதையே செய்யும். ஆகவே நல்ல அமைப்புகள் முதலில் வேகமாகவும் முடிவில் மிக மெதுவாகவும் வடிக்கின்றன. எண்ணெய் தெரிந்ததும் மூடி, சிறிது நேரம் எல்லை சமனாகக் காத்திருந்து, மறுபடி முயல்கின்றன. பொறுமை என்பது மனிதர்க்கு அரிது, கருவிக்குச் செலவில்லாதது; தானியங்கி முறையால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. தொட்டியின் வடிவமும் ஒத்துழைக்க வேண்டும். பல பழைய தொட்டிகளின் அடி நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். நீர் சுற்றுவட்டம் முழுதும் பரவி நிற்பதால் ஒரே இடத்தில் வடித்தால் போதாது. நாளடைவில் தரை அமிழ்ந்து, எங்கே பள்ளம் என்பதும் மாறிவிடும். வடிகால் வாய் இல்லாத பள்ளத்தில் தேங்கிய நீரை எந்த உணரியாலும் எடுக்க முடியாது.

வால்வு எப்படிப் பழுதானாலும் மூடிய நிலையிலேயே பழுதாக வேண்டும் என்பது முதல் பாதுகாப்பு விதி. மின்சாரமோ காற்றழுத்தமோ அற்றுப்போனால் வில்விசை அதை மூடிவிடும். ஆனால் அடிநீரோடு துருவும் மணலும் வரும். ஒரு கல் இடுக்கில் சிக்கினால் வால்வு மூடியதாகக் காட்டிக்கொண்டே கசியும். எனவே முறையான அமைப்புகளில் இரண்டாவது வால்வும், குழாயில் தனியாக ஓர் எண்ணெய் உணரியும், இவ்வளவு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற காலவரம்பும் இருக்கும். உணரியின்மேல் மெழுகு படிந்தால் அது தன் மேலிருக்கும் மெழுகையே அளந்து, நீரிலும் எண்ணெய் என்று சொல்லும். இந்தப் பிழையால் நீர் உள்ளே தங்குமே தவிர எண்ணெய் வெளியே போகாது. நேர்மாறான பிழைதான் ஆபத்து. கருவியை வாங்கிப் பொருத்தியதும் நாடா இறக்கி அளப்பதை நிறுத்திவிடும் ஆலைகள் வீணாகக் கெடும். பசை தடவிய குண்டை மாதம் ஒருமுறையாவது இறக்கி ஒப்பிட்டுப் பார்க்காத தானியங்கி, சில ஆண்டுகளில் சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிடுகிறது.

பெட்ரோல் பங்கில் இதே பிரச்சினை சிறிய அளவில் இருக்கிறது. நிலத்தடித் தொட்டியில் பசை தடவிய அளவுகோலை இறக்கிப் பார்ப்பது அன்றாட வழக்கம். தானியங்கி அளவி பொருத்திய இடங்களில் ஒரே தண்டில் இரு மிதவைகள் இருக்கும்; ஒன்று பெட்ரோலின் மேல்மட்டத்தில், மற்றொன்று எடை கூட்டப்பட்டு நீரின் மேல்மட்டத்தில். அங்கே தானாக வடிப்பதில்லை; நீர்மட்டம் கூடினால் விற்பனை நின்று எச்சரிக்கை வரும், பிறகு பம்ப் வைத்து எடுப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் இதிலும் ஒரு முடிச்சுப் போட்டது. அது கொஞ்சம் நீரைத் தன்னுள் கரைத்துத் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்து, தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். அந்த அடுக்கு தூய நீரைவிட இலேசானது. தூய நீருக்காக எடை பார்த்த மிதவை அதில் மிதக்காமல் மூழ்கிக் கிடக்கும், பழைய பசையும் சரியாக நிறம் மாறாது. இதற்கென வேறு எடையில் மிதவைகளும் வேறு பசைகளும் செய்ய வேண்டியதாயிற்று. நீரை அங்கே பின்பு எடுப்பதைவிட முதலிலேயே உள்ளே விடாமல் தடுப்பதுதான் வழி.

ஆலையில் வடித்த நீர் நேரே வெளியே போவதில்லை. முதலில் அது ஒரு நீண்ட, ஆழம் குறைந்த தொட்டியில் மெதுவாக ஓடுகிறது. நீரில் சிக்கிய எண்ணெய்த்துளிகள் இங்கே மேலே எழுகின்றன; ஸ்டோக்ஸ் விதியே திசை மாறி வேலை செய்கிறது. 150 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துளிகளைப் பிடிப்பதே இத்தகைய பிரிப்பான்களின் வழக்கமான வடிவமைப்பு இலக்கு. அதைவிடச் சிறியவற்றை, நீரில் காற்றைக் கரைத்து நுண்குமிழிகளாக வெளிப்படுத்தி, குமிழிகளோடு ஒட்டவைத்து மிதக்கவிடுகிறார்கள். மேலே மிதந்த எண்ணெய் வழித்தெடுக்கப்பட்டு மறுபடி கச்சா எண்ணெயில் சேர்கிறது, கொஞ்சம் தண்ணீரையும் கூடவே எடுத்துக்கொண்டு. கரைந்த சல்பைடையும் பென்சீனையும் நீராவியாலோ காற்றாலோ பிரித்தெடுத்த பின், எஞ்சிய கரிமப் பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்க் குளங்களுக்கு அந்த நீர் அனுப்பப்படுகிறது.